புதன் வரைக்கும் லீவு

எங்கள் வீட்டுப் பரணில் பதினாறு பரிசுகள் இருந்தன. நாலு ஹாட்பேக், மூன்று குக்கர், ஒரு டிபன் கேரியர், இரண்டு ஃபிளாஸ்க். மீதி என்னவென்று எனக்கே மறந்துவிட்டது. பாதிக்கு மேல் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. எல்லாம் ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனி கொடுத்தவை. வருடம் முழுக்க ஒருநாள்கூட லீவு போடாமல் வந்தவர்களை ஆண்டு விழா மேடைக்குக் கூப்பிட்டு, கைகுலுக்கி, ஒரு பெட்டியைக் கையில் கொடுப்பார்கள். ஃபுல் அட்டெண்டன்ஸ் பரிசு என்று அதற்குப் பெயர். கேன்டீன் வாசலில் ஒரு பலகையும் உண்டு. அதில் ஆளின் பெயரும், பக்கத்தில் தொடர்ந்து எத்தனை வருடம் என்ற எண்ணும் இருக்கும். முதல் பெயர் என்னுடையது.

காய்ச்சலோடு போயிருக்கிறேன். சிக்குன்குனியா வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த வாரத்தில்கூடப் போயிருக்கிறேன். மச்சினன் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் உட்காராமல் மத்தியானத்து பி ஷிஃப்டுக்கு ஓடி வந்தவன் நான். கூட வேலை செய்தவர்கள் என்னை பஞ்சிங் மெஷின் என்று கூப்பிடுவார்கள். கேலிதான், ஆனால் எனக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இனித்தது. இன்றைக்கு நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

அந்த எரிச்சலைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு சந்தோஷத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்னால், இமாச்சலத்தில் குலுவுக்கு மேலே வெந்நீர் ஊற்றுகள் இருக்கிற ஒரு மலை ஊரில் நானும் என் மனைவியும் மூன்று நாள் இருந்தோம். அது மாதிரி மூன்று நாள் எங்களுக்கு அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

என் மனைவி ஓசூரை அடுத்த தளிக்காரி. வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், சந்தையில் தெலுங்கு என்று வளர்ந்தவள். தளிப் பக்கத்துக் கன்னட வீடுகளில் கணவனை 'ரீ' என்று கூப்பிடுவது வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்கு 'ரீ'தான். நான் பர்கூர் பக்கம். எங்கள் ஊரில் கல் உடைக்கிற வேலையைத் தவிர வேறு இல்லை என்று ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர் வந்தவன். எனக்குக் கம்பெனியில் ஹீட் ட்ரீட்மென்ட் செக்‌ஷன். கியர்களை உலைக்குள் அனுப்பி, எண்ணூறு டிகிரிக்கு மேல் பழுக்க வைத்து, எண்ணெயில் இறக்கி எடுக்க வேண்டும். அவளுக்கு ரோஜாத் தோட்டத்து பேக்கிங் ஷெட். பூவை நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, நாலு டிகிரி குளிர் அறையில் அடுக்குவாள். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஒருவர் சூட்டுக்கும் ஒருவர் குளிருக்கும் போய்வந்தோம். என் சூடு என்னை ஒன்றும் செய்யவில்லை. அவளுடைய குளிர்தான் அவள் விரல்களில் போய் உட்கார்ந்துகொண்டது.

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. விரல் கணுக்கள் சிவந்து வீங்கியிருக்கும். டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்குவாள். வாதம் என்றார் கிருஷ்ணகிரி டாக்டர். மாத்திரை கொடுத்தார், குளிரில் வேலை செய்யக் கூடாது என்றார். அவள் தலையாட்டிவிட்டு மறுநாள் தோட்டத்து வேனில் ஏறிப் போனாள். அங்கே அவளுக்குக் கூட்டாளிகள் இருந்தார்கள், பேச்சு இருந்தது, ஷெட்டில் அவள் சொன்னால் கேட்கிற ஆட்கள் இருந்தார்கள். வீட்டில் என்ன இருந்தது, நான் இல்லாத வீடு.

அவளால் செய்ய முடியாமல் போன முதல் காரியம் ரவிக்கை கொக்கி மாட்டுவது. அந்தச் சின்னக் கம்பியை அவள் விரல் பிடிக்காது. ஏ ஷிஃப்ட் வாரங்களில் காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதற்கு முன்னால் நான் மாட்டிவிடுவேன். சி ஷிஃப்ட் வாரங்களில் நான் ராத்திரி வேலை முடிந்து வீடு வந்து சேர ஆறே முக்கால் ஆகும். அதுவரைக்கும் மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு அடுப்பு வேலை பார்ப்பாள். நான் செருப்பைக் கழற்றியதும் முன்னால் வந்து நிற்பாள். நானும் ஏதோ ஃபிக்சரில் போல்ட் மாட்டுகிறவன் மாதிரி ஐந்து கொக்கியையும் மாட்டிவிட்டுக் குளிக்கப் போவேன். அதில் வேறு என்ன இருந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மலை ஊரைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ஷெட்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண் ஒருத்தி போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறாள். ஆற்றங்கரையில் தரையிலிருந்தே வெந்நீர் கொதித்து வருகிறது. துணிப் பையில் அரிசியைக் கட்டி அதில் இறக்குகிறார்கள், சோறாகி வருகிறது. அந்தத் தண்ணீரைப் பக்கத்துத் தொட்டிகளில் ஆற்று நீரோடு கலந்துவிட்டு ஜனங்கள் குளிக்கிறார்கள், கை கால் வலிக்கெல்லாம் நல்லதாம்.

"ஏன்ரீ, நம்ம ஒருவாட்டி போயி பாத்துனு வரலாமா?"

"அரிசி வேகறத பாக்கறதுக்கு டெல்லி தாண்டிப் போகணுமா? நம்ம வீட்லயே குக்கர் மூணு இருக்குது" என்றேன்.

அவள் சிரித்தாள். ஆனால் விடவில்லை. சட்டியைக் கழுவும்போது கேட்டாள், துணி உலர்த்தும்போது கேட்டாள். எவ்வளவு காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை, அந்த வருடம்தான் நான் காது கொடுத்தேன். அந்த மே மாதம் கம்பெனியில் ஒன்பது நாள் ஷட்டவுன் விட்டார்கள். பழைய உலையைக் கழற்றிவிட்டுப் புது உலை வைக்கிற வேலை. ஷட்டவுன் நாட்கள் லீவுக் கணக்கில் வராது, என் எண்ணுக்கு ஆபத்தில்லை. நான் தாளை எடுத்து மணிக்கணக்குப் போட்டேன். சனிக்கிழமை சாயந்தரம் பெங்களூரில் ரயில். திங்கள் டெல்லி. ராத்திரி பஸ். செவ்வாய் காலை மலை. வியாழன் மதியம் திரும்ப பஸ் ஏறினால் ஞாயிறு சாயந்தரம் ஓசூர். திங்கள் ஏ ஷிஃப்ட். காலேஜில் படித்துக்கொண்டிருந்த மகளை என் அக்கா வீட்டில் விட்டோம். டிக்கெட் கையில் வந்த அன்று என் மனைவி அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

பஸ் அந்தப் பள்ளத்தாக்குக்குள் திரும்பியதுமே ஆற்றின் இரைச்சல் வந்துவிட்டது. வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டு, பாறையையெல்லாம் இடித்துக்கொண்டு ஓடுகிற ஆறு. அதற்குப் பக்கத்திலேயே கரையிலிருந்து ஆவி எழும்புகிறது. ஒரே இடத்தில் கைவைத்தால் விறைக்கிற தண்ணீரும் கைவைத்தால் வெந்துபோகிற தண்ணீரும். முப்பது வருடம் உலை பார்த்தவன் நான், எனக்கே வாய் பிளந்துவிட்டது. அடியில் பர்னர் எங்கே என்று தேடத் தோன்றியது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அரிசி வேகறத பாக்க வந்தீங்களா இல்லையா?"

அங்கே நான் ஊமை. எனக்கு இந்தி ஒரு சொல் வராது. அவளோ ஷெட்டில் ஜார்க்கண்டு, ஒடிசாப் பெண்களோடு சேர்ந்து பூக்கட்டியே இந்தி பிடித்துவிட்டிருந்தாள். இலக்கணம் எப்படியோ, காரியம் நடந்தது. டீக்கடை நடத்துகிற அம்மாளிடம் பேசி மாடியில் ஒரு அறை பிடித்தாள். வாடகையைக் குறைத்தாள். பெண்கள் குளிக்கிற தொட்டி எங்கே, எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்றெல்லாம் கேட்டுவைத்தாள். நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஓசூரில் பேங்குக்குப் போனாலும் ரேஷன் கடைக்குப் போனாலும் பேசுவது நான்தான். இங்கே அவள் என்னைக் கைகாட்டி ஏதோ சொல்ல, டீக்கடை அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டால், "உங்களுக்குப் புரியாது, வாங்க" என்றாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கோபத்துக்கு அடியில், இவளை எனக்கு முழுசாகத் தெரியாது போலிருக்கிறதே என்று ஒரு சின்ன வியப்பும் இருந்தது.

முதல் நாள் காலையும் மாலையும் தொட்டியில் இறங்கினாள். ஆண்கள் தொட்டியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. வெளியே வந்து சுவரோரம் அவளுக்காகக் காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கையை நீட்டிக் காட்டினாள். விரல்களை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள். அன்று மத்தியானம் கடையில் துணிப்பை வாங்கி, அரிசியும் கொண்டைக்கடலையும் போட்டுக் கட்டி, கொதிக்கிற ஊற்றில் அவளே இறக்கினாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை நிமிடம் என்று சொன்னால் அவள் கேட்கவா போகிறாள். "வெந்துச்சுன்னா வாசனையே சொல்லும்" என்று சொல்லிவிட்டு ஆற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். உப்பில்லாத அந்தச் சோற்றைப் பாறைமேல் வைத்து ஊறுகாயோடு சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள், புதன்கிழமை, நடந்தோம். அங்கிருந்து பஸ்ஸில் போனால் சாலை முடிகிற இடம் வரும். அதற்கு மேல் நடைபாதைதான். நாலைந்து மணி நேரம் ஏறினால் மலை உச்சிக்கு அருகே ஒரு புல்வெளியில் இன்னொரு வெந்நீர்ச் சுனை இருக்கிறதாம். பெண்களுக்குத் தனியாக மறைப்பு கட்டியிருக்கிறார்களாம். கழுத்தளவு சுடுதண்ணீரில் உட்கார்ந்துகொண்டு எதிரே பனிமலையைப் பார்க்கலாமாம். டீக்கடை அம்மாள்தான் இதையெல்லாம் சொல்லியிருந்தாள். ராத்திரி மேலேயே கூடாரத்தில் தங்கிவிட்டு மறுநாள் இறங்குவதுதான் எல்லோருக்கும் வழக்கம்.

தேவதாரு மரங்களுக்கு நடுவே பாதை போனது. செருப்புக்கு அடியில் காய்ந்த ஊசி இலைகள் வழுக்கின. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் போனாள். எனக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கு வாங்கவில்லை. தளியில் மேட்டுக்காட்டுக்கு ஏறி இறங்கி வளர்ந்தவள். "நம்ம ஊர் மாதிரியேதான் இக்குது, கொஞ்சம் பெருசா செஞ்சி வெச்சிக்கிறாங்க" என்றாள். எதிரே இறங்கி வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். வழியில் ஒரு மரப்பாலம் வந்தது. கீழே ஓடை. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் இன்னும் இரண்டு மணி நேரம் என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்று. மூன்று மணிக்கு மேலே போய்ச் சேரலாம். ராத்திரி தங்க வேண்டும். நாளைக்குக் காலையில் இறங்கி, பஸ் பிடித்து, பையை எடுத்து, மறுபடி பஸ் பிடித்து... வழியில் ஒரு பஸ் தவறினாலும் டெல்லி பஸ் போய்விடும். டெல்லி பஸ் போனால் ரயில் போய்விடும். ரயில் போனால் திங்கள்கிழமை போய்விடும்.

"இதோட திரும்பிடலாம். சரியா வராது" என்றேன்.

அவள் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். மேலே பாதை போகிற திசையைப் பார்த்தாள். பிறகு கம்பைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு என் பின்னால் வந்தாள். பாதி வழியில், "அடுத்த வருஷம் வருவோம்ல?" என்று மட்டும் கேட்டாள். வருவோம் என்றேன். பொய் சொல்லவில்லை, அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை நான் எழுந்தபோது அவள் தொட்டிக்குப் போய்த் திரும்பியிருந்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். பழக்கத்தில் நான் எழுந்து கொக்கி மாட்டப் போனேன். அவள் திரும்பினாள். ஐந்தும் மாட்டியிருந்தது.

"நானே மாட்டிக்கிட்டேன்" என்றாள்.

சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். கோணலாக இருக்கிறதா என்று சோதிப்பதுபோல ஒவ்வொரு கொக்கியாகத் தொட்டுப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுத்திப் பிடித்தாள். அந்தப் பிடியில் பலம் இருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அப்படிப் பிடித்தாள்.

"ரீ, இன்னும் ரெண்டே நாள் இருந்துட்டுப் போலாமா? கை இன்னும் நல்லாவும். மேல சுனைக்கும் போயிட்டு வந்துடலாம்."

"டிக்கெட்டு?"

"வேற எடுத்துக்கலாம். உக்காந்துனே வேணாலும் வரேன்."

"திங்கக்கெழமை ஷிஃப்ட் இக்குதே. பன்னெண்டு வருஷம்டி. இவ்ளோ தூரம் வந்துட்டு இப்ப கட் பண்ணச் சொல்றியா?"

அவள் என் கையை விட்டாள். கோபித்துக்கொண்டு விடவில்லை, மெதுவாகத்தான் விட்டாள். பிறகு துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். ஒன்றை இரண்டாம் தடவை கேட்கிற பழக்கம் எல்லா விஷயத்திலும் அவளுக்கு உண்டு, இதை மட்டும் ஒரே தடவைதான் கேட்டாள்.

பள்ளத்தாக்கில் போனுக்கு டவர் இல்லை. டெல்லி வந்ததும் எங்கள் செக்‌ஷன் வாட்ஸ்அப் க்ரூப்பில் இருநூற்றுச் சொச்சம் மெசேஜ் குவிந்திருந்தது. அந்த க்ரூப்பில் வருவதெல்லாம் பூங்கொத்துப் படமும் காலை வணக்கமும்தான். ஏற்கெனவே மனசு சரியில்லை, இந்தக் குப்பையை வேறு யார் கிளறுவது என்று திறக்காமலே போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

திங்கள்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி கேட்டில் நின்றேன். சைக்கிள் ஸ்டாண்ட் காலியாக இருந்தது. காவலுக்கு இருந்தவர் திருநெல்வேலிக்காரர், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இங்க வந்து நிக்கிய? புது உலைக்கு ஏதோ சாமான் இன்னும் வரலியாம்லா. ஷட்டவுன புதன் வரைக்கும் நீட்டிட்டாவ. வியாழக்கிழமையே மெசேஜ் போட்டாச்சே, பாக்கலியா?"

அங்கேயே நின்று போனைத் திறந்தேன். பூங்கொத்துகளுக்கு நடுவே இருந்தது. வியாழன் காலை பத்து மணிக்குப் போட்டிருந்தார்கள். மூன்று நாளும் எல்லோருக்கும் ஆஜர், யாரும் வர வேண்டாம். வியாழன் காலை பத்து மணிக்கு அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்ட இரண்டு நாளும் இருந்திருக்கலாம். மேலே சுனைக்குப் போயிருக்கலாம். செவ்வாய் சாயந்தரம் வீடு வந்து, புதன்கிழமை காலை நீட்டித் தூங்கியிருக்கலாம். என் பன்னிரண்டுக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

ஒழுங்கான மனிதன் என்றால் நேரே வீட்டுக்குப் போய், இப்படி ஆகிவிட்டது, நான் ஒரு மடையன் என்று சொல்லியிருப்பான். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. யூனிஃபார்மோடும் சோற்றுப் பையோடும் நடந்தேன். எங்கே போவதென்று தெரியாமல், ஓசூருக்கு நடுவே நிற்கிற கோயில் மலையில் ஏறினேன். பாதிப் படியில், நிழல் இருந்த ஒரு திருப்பத்தில் உட்கார்ந்தேன். கீழே கம்பெனிக் கூரைகளும் பெங்களூர் ரோடும் தெரிந்தன. மத்தியானம் அங்கேயே சோற்றைத் தின்றேன். இரண்டரை மணிக்கு, ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு, இறங்கி வீட்டுக்குப் போனேன்.

அவள் வீட்டில் இருந்தாள். அவளுக்கு அன்று வேலை உண்டு என்று நினைத்திருந்தேன்.

"வேலைக்குப் போவலையா?"

"புதன் வரைக்கும் லீவு சொல்லியிக்கிறேன்."

"எப்ப சொன்ன?"

"ஊருக்குப் போறதுக்கு முன்னியே. எதுக்கும் இருக்கட்டும்னுதான்."

எதுக்கும் இருக்கட்டும் என்று அவள் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்திருந்தாள். ஒருவேளை அங்கே பிடித்துப்போய், ஒருவேளை நானும் மனம் மாறி, இன்னும் இரண்டு நாள் இருக்கலாம் என்றால் அவள் பக்கத்தில் தடை இருக்கக் கூடாது என்று. அதைக் கேட்ட பிறகு நடந்ததைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. செவ்வாயும் கிளம்பிப் போனேன். புதனும் போனேன். இரண்டு நாளும் காலையில் அவளே சோறு கட்டிக் கொடுத்தாள். இரண்டு நாளும் கொக்கி மாட்ட என்னைக் கூப்பிடவில்லை, அவளே மாட்டிக்கொண்டாள். நான் போய் அதே படியில் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை அவள் குளிர் அறைக்குத் திரும்பினாள். அடுத்த புதனுக்குள் விரல்கள் பழையபடி ஆகிவிட்டன. மறுபடி முன்னால் வந்து நிற்க ஆரம்பித்தாள்.

அடுத்த வருடம் போகவில்லை. மகள் கல்யாணம் வந்தது. அதற்கடுத்த வருடம் ஷட்டவுன் நாலே நாள்தான் விட்டார்கள். பிறகு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த காலம் வந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் ஆறு பெருகி ரோட்டை அடித்துக்கொண்டு போனதை டிவியில் காட்டினார்கள். அவள் கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள். "அந்தப் பாலம் இருக்குமோ என்னமோ" என்றாள். அதற்குள் வாதம் கால் முட்டிக்கு இறங்கியிருந்தது. இப்போது அவளால் எங்கள் வாசலில் இருக்கிற மூன்று படியை, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்க முடிகிறது. தோட்டத்து வேலையை விட்டு ஐந்து வருடம் ஆகிறது.

நான் ஓய்வுபெற்று நாலு வருடம் ஆகிறது. பதினாறில் முடித்தேன். போன வருடம் ஏதோ காகிதத்துக்காகக் கம்பெனிக்குப் போனபோது கேன்டீன் வாசலைப் பார்த்தேன். பலகை இல்லை. அந்த இடத்தில் டிவி மாட்டி, ஆலையில் எப்படிக் கை கழுவ வேண்டும் என்று படம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பலகை எங்கே என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தேன். பெட்டிகளை இறக்கி வரிசையாக வைத்தபோது, அந்த மலைக்குப் போன வருடத்துப் பரிசு கையில் வந்தது. மின்சாரக் கெட்டில். பிரிக்காமல் இருந்தது. எடுத்துத் துடைத்து, தண்ணீர் சுடவைத்து, அகலமான பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரோடு கலந்து, அவள் கையை அதில் வைத்தேன். இப்போது தினமும் காலையில் அப்படித்தான் செய்கிறோம். பத்து நிமிடத்தில் ஆறிவிடும், மறுபடி ஊற்றுவேன். அப்படி ஒரு காலையில், எட்டு வருடமாக மறைத்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். ஷட்டவுனை நீட்டியது, நான் மெசேஜைப் பார்க்காதது, எல்லாம்.

அவள் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்போலிருந்து?"

"அந்தத் திங்கக்கெழமைலேர்ந்து. பின்சந்துல உங்க செக்‌ஷன்காரரு வீட்டுக்காரி ஒம்பது மணிக்கு உறைக்கு மோர் வாங்க வந்தா. கம்பெனிதான் லீவாச்சே, எங்க வீட்டுக்காரரு இன்னும் தூங்கினு இக்கிறாரு, உங்க வீட்டுக்காரரு எங்கன்னு கேட்டா. கடைக்குப் போயிக்கிறாருன்னு சொன்னேன்."

"அப்ப செவ்வா, புதன் தெரிஞ்சேதான் சோறு கட்டிக் குடுத்தியா?"

"எங்கியோ போயி உக்காந்துனு இக்கிறீங்க, பசிக்கும்ல."

கெட்டிலை எடுத்து மறுபடி ஊற்றினேன். அவளே கேட்டாள்.

"மூணு நாளும் எங்கதான் போனீங்க?"

"கோயில் மலைல. பாதிப் படில உக்காந்திருந்தேன்."

அவள் தண்ணீருக்குள் இருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை மடங்கவில்லை, விரியவும் இல்லை.

"என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ரீ. அந்த மூணு நாளும் நான் வீட்லதான இருந்தேன். அப்ப எனக்குக் கை நல்லா இருந்துச்சு, காலும் நல்லா இருந்துச்சு. அந்த மலைதான் ஏறல, நம்ம மலையாவது உங்ககூட ஏறியிருப்பேன்."

தண்ணீர் ஆறிவிட்டது. அவள் கையைத் துடைத்துவிட்டு, எழுந்து, வழக்கம்போல என் முன்னால் வந்து நின்றாள். கொக்கி மாட்ட ஆரம்பித்தேன். மூன்றாவது கொக்கி வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்தது, அதற்கு மேல் தெரியவில்லை.